மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பு: எதற்குப் பின் எது என்ற வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

இயந்திர உறுப்பு வடிவமைப்புத் தாளில் அரியர் வைத்த மாணவர்களுக்குச் சில ஆண்டுகள் மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோரின் தடுமாற்றம் அந்தத் தாளில் தொடங்கியதில்லை. முதல் ஆண்டில் ஒரு பொருள்மேல் செயல்படும் விசைகளைக் காட்டும் விசைப்படம் வரையப் பழகாமல் விட்டது, அதே குறையோடு பொருள் வலிமையியலைத் தேர்ச்சி மதிப்பெண்ணில் கடந்தது, அலகு மாற்றத்தைக் கால்குலேட்டரிடம் ஒப்படைத்தது ஆகிய மூன்றும் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் சுழன்று திறனைக் கடத்தும் ஒரு தண்டின் (ஷாஃப்ட்) விட்டத்தைக் கணக்கிடச் சொன்னபோது ஒன்றாக வெளிப்பட்டன.

இந்தப் படிப்பில் இரண்டு சங்கிலிகள் உள்ளன. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் தொடங்கி, பொருள் வலிமையியல், இயந்திர இயக்கவியல், வடிவமைப்பு எனச் செல்வது ஒன்று. வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம் எனச் செல்வது மற்றொன்று. பொறியியல் வரைபடமும் அலகுகளும் இரண்டுக்கும் அடித்தளம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் எட்டு செமஸ்டர்களாக நடக்கும் படிப்பை மனத்தில் வைத்து எழுதியுள்ளேன். தன்னாட்சிக் கல்லூரிகளில் தாள்கள் வரும் செமஸ்டர் முன்பின்னாக இருக்கலாம் என்றாலும், ஒன்றை ஒன்று தாங்கும் வரிசை மாறுவதில்லை.

1. வகுப்பு தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் மூன்று பகுதிகள் மறக்காமல் இருந்தால் போதும்: முக்கோணவியல், வெக்டரைக் கூறுகளாகப் பிரித்தல், எளிய வகையிடலும் தொகையிடலும். ஒரு விசையைக் கிடைக்கூறாகவும் நிலைக்கூறாகவும் பிரிக்கும்போது சைன் எது, கொசைன் எது என்று நின்று யோசிக்கும் மாணவருக்கு முதல் ஆண்டு முழுவதும் அந்த ஒரே இடத்தில் நேரம் கழியும். கோணம் எந்தப் பக்கத்திலிருந்து அளக்கப்படுகிறதோ அந்தப் பக்கத்துக்குக் கொசைன் என்பதை இருபது படங்களில் செய்து பார்த்துக் கையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு ஒர்க்ஷாப்பும் வரைபடமும் நன்றாகத் தெரிந்திருக்கும், தொகையிடல்தான் இடறும். சேர்க்கைக்கு முந்தைய கோடை விடுமுறையில் அதை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு வருவது நல்லது, ஏனெனில் மூன்றாம் செமஸ்டரின் கணிதத் தாள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

வாங்க வேண்டியவை குறைவு: நிரல் எழுத இயலாத சயின்டிஃபிக் கால்குலேட்டர், மினி டிராஃப்டர், நல்ல காம்பஸ், 2எச் மற்றும் எச்.பி. பென்சில்கள். கால்குலேட்டரைக் கையில் எடுத்ததும் அது டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணிதத் தேர்வுக்காக ரேடியனுக்கு மாற்றிவிட்டு, மறுநாள் மெக்கானிக்ஸ் தேர்வை அப்படியே எழுதி முடித்த மாணவரை நான் அறிவேன். சைன் 30 எவ்வளவு என்று தேர்வுக்கு முன் ஒருமுறை அழுத்தி, 0.5 வருகிறதா என்று பார்த்தால் அந்த விபத்து நேராது.

2. பொறியியல் வரைபடம்: கண்ணைப் பழக்குதல்

வரைபடத் தாளைப் பலர் பொறுமைக்கும் கைத்திறனுக்கும் வைக்கப்படும் சோதனையாக நினைத்து, முந்தைய ஆண்டின் ஷீட்டைப் பார்த்து நகலெடுத்து முடித்துவிடுகிறார்கள். அந்தத் தாள் கற்பிப்பது ஒரு திண்மப் பொருளை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறனை. அது இல்லாவிட்டால் கணினியில் வரையும் கேட் (CAD) மென்பொருளிலும் தொழிற்சாலையிலும் ஒவ்வொரு படத்துக்கும் அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் முதற்கோண வீழலைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் நாம் பயன்படுத்தும் இம்முறையில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழேயும், இடப்பக்கத் தோற்றம் முன்தோற்றத்துக்கு வலப்புறமும் வரும். அமெரிக்க நிறுவனங்களின் படங்களில் மூன்றாம் கோண முறை இருப்பதால் இந்த இடங்கள் தலைகீழாகும். படத்தின் மூலையில் இருக்கும் துண்டிக்கப்பட்ட கூம்பின் சின்னத்தைப் பாராமல் வேலையைத் தொடங்கினால், துளை இடப்பக்கம் வரவேண்டிய பாகம் வலப்பக்கத் துளையோடு உருவாகிவிடும்.

பயிற்சிக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு சோப்புக் கட்டியையோ உருளைக்கிழங்கையோ கத்தியால் வெட்டி, கணக்கில் சொல்லப்பட்ட திண்மமாகவே செய்து, மேசைமேல் வைத்து மூன்று பக்கமும் பார்த்த பிறகு வரையலாம். வெட்டுத் தோற்றங்கள் வரும் பாடப்பகுதியில், கற்பனை ஓடாத மாணவர்களுக்கு இதைவிட விரைவாக உதவிய வழியை நான் பார்த்ததில்லை.

கட்டமைப்புக் கோடுகளை 2எச் பென்சிலால் மெல்லியதாக வரைந்து, விடை உறுதியான பிறகே எல்லைக் கோடுகளை அழுத்தி வரைய வேண்டும். முதலிலேயே அழுத்தி வரைந்தவர் பிழையை அழிக்கும்போது தாளும் கருத்துவிடும். அந்தக் கருப்பைப் பார்த்த பதற்றத்திலேயே அடுத்த பிழையும் வரும்.

3. அலகுகளை ஒரு முறைக்குள் அடைத்தல்

அலகு என்றால் விடையின் பின்னால் ஒட்டவேண்டிய வால் என்ற எண்ணம் முதலில் ஒழிய வேண்டும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 10 கிலோவாட் திறனை நிமிடத்துக்கு 1440 சுற்றில் கடத்தும் எஃகுத் தண்டு, அனுமதிக்கப்பட்ட நறுக்குத் தகைவு (ஷியர் ஸ்ட்ரெஸ்) 40 மெகா பாஸ்கல், விட்டம் என்ன?

திறனை 60-ஆல் பெருக்கி, இரண்டு பை மற்றும் சுற்று எண்ணிக்கையின் பெருக்குத்தொகையால் வகுத்தால், டார்க் எனப்படும் முறுக்கு விசை 66.3 நியூட்டன் மீட்டர் எனக் கிடைக்கும். அடுத்து, 16 மடங்கு முறுக்கு விசையைப் பை மற்றும் தகைவின் பெருக்குத்தொகையால் வகுத்து, கனமூலம் காண வேண்டும். புதியவர் 66.3-ஐயும் 40-ஐயும் அப்படியே இட்டு, 2.04 என்ற எண்ணைப் பெற்று, பின்னால் மில்லிமீட்டர் என்று எழுதிவிடுவார். பேனா ரீஃபிலைவிட மெல்லிய கம்பி ஒன்று பத்து கிலோவாட் மோட்டாரின் சுமையைத் தாங்கும் என்று தம் கையாலேயே எழுதியிருப்பது அவருக்குத் தெரியாது.

மெகா பாஸ்கல் என்பது சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன். ஆகவே முறுக்கு விசையும் நியூட்டன் மில்லிமீட்டரில், அதாவது 66,300 என இருக்க வேண்டும். அப்போது விட்டம் சுமார் 20.4 மில்லிமீட்டர் என வரும். இந்தத் தண்டைப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

வலிமை, வடிவமைப்புக் கணக்குகள் அனைத்தையும் நியூட்டன், மில்லிமீட்டர், மெகா பாஸ்கல் என்ற குடும்பத்துக்குள்ளும், வெப்பம், பாய்மக் கணக்குகளை மீட்டர், கிலோகிராம், பாஸ்கல், கெல்வின் என்ற குடும்பத்துக்குள்ளும் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கப்பட்ட விவரங்களை எழுதும் முதல் வரியிலேயே அனைத்தையும் மாற்றிவிட்டால், நடுவழியில் ஆயிரத்தால் பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம் எழாது. விடை வந்ததும் அந்தப் பொருளைக் கையில் பிடிப்பதாக நினைத்துப் பார்த்து, அளவு நம்பத்தக்கதா என்று கேட்டுக்கொள்ள ஐந்து நொடி போதும்.

4. விசைப்படம்: எந்தத் தாளிலும் தவிர்க்க முடியாத படி

ஃப்ரீ பாடி டயகிராம் என்று வகுப்பில் சொல்லப்படும் தனித்த பொருளின் விசைப்படத்துக்கு நான் மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக இடம் ஒதுக்குகிறேன். இதை ஒழுங்காகக் கற்றவர் பின்னால் வேறு எதையும் தாமே கற்றுக்கொள்வார்.

வரையும் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் எந்தப் பொருளைப் பற்றிய கேள்வி என்று முடிவு செய்து, அதன் வெளிக்கோட்டை மட்டும் வரைய வேண்டும். சுவர், தரை, கயிறு, கொக்கி எதையும் வரையக் கூடாது. அடுத்து எடையை அதன் மையத்தில் கீழ்நோக்கி வரைய வேண்டும். பிறகு வெளிக்கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு சுற்று வந்து, வேறொரு பொருள் தொடும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, அந்தத் தொடுகைக்கு ஈடான விசையை வரைய வேண்டும். கடைசியில்தான் அளவுகளையும் கோணங்களையும் குறிக்க வேண்டும். விரலால் சுற்றி வருவது குழந்தை விளையாட்டாகத் தோன்றினாலும், விடுபட்ட விசை அந்தச் சுற்றில்தான் அகப்படுகிறது.

வழக்கமான ஏணிக் கணக்கைப் பாருங்கள். நான்கு மீட்டர் நீளமும் 200 நியூட்டன் எடையும் உள்ள சீரான ஏணி தரையோடு 60 டிகிரி கோணத்தில் வழவழப்பான சுவரில் சாய்ந்துள்ளது. தரையின் உராய்வுக் கெழு 0.4. ஏணியை மட்டும் தனியே வரைந்தால் நான்கு விசைகள்தான்: நடுவில் எடை, அடியில் தரையின் செங்குத்து எதிர்விசையும் உராய்வும், உச்சியில் சுவரின் கிடைமட்ட எதிர்விசை. ஏணியின் அடியைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால் தெரியாத மூன்றில் இரண்டு அந்தப் புள்ளி வழியாகவே செல்வதால் சமன்பாட்டிலிருந்து விலகிவிடும். சுவரின் எதிர்விசை 57.7 நியூட்டன் என்று ஒரே வரியில் கிடைக்கும். திருப்புத்திறன் எடுக்கும் புள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணம் இவ்வளவே: தெரியாத விசைகள் அதிகமாகக் கூடும் புள்ளியைப் பிடித்தால் வேலை குறையும்.

இந்தக் கணக்கில் மூன்று பிழைகளை ஆண்டு தவறாமல் பார்த்திருக்கிறேன். வழவழப்பான சுவர் என்று சொல்லியும் அங்கே உராய்வை வரைவது முதற்பிழை. ஏணி சுவரைத் தள்ளும் விசையையும் சுவர் ஏணியைத் தள்ளும் விசையையும் ஒரே படத்தில் வரைந்து, இரண்டும் நீங்கிவிட்டதாக எழுதுவது இரண்டாவது; வினையும் எதிர்வினையும் வெவ்வேறு பொருள்கள்மேல் செயல்படுவதால் அவை ஒரே படத்தில் வரவே முடியாது.

மூன்றாவதுதான் ஆழமானது. உராய்வு என்றதும் கெழுவைச் செங்குத்து விசையால் பெருக்கி 80 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். 80 என்பது தரையால் தர முடிந்த அதிகபட்சம். ஏணி நிற்கத் தேவைப்படுவது 57.7 மட்டுமே, தரையும் அவ்வளவுதான் தருகிறது. நழுவும் தருணத்தில் இருக்கிறது என்று கணக்கு சொன்னால் மட்டுமே இரண்டும் சமம். கடன் வரம்பையும் வாங்கிய கடனையும் ஒன்றாக எண்ணுவதைப் போன்ற பிழை இது.

ஒரு நாளைக்கு மூன்று கணக்குகள் வீதம், விடை காணாமல், விசைப்படத்தை மட்டும் வரைந்து ஒரு மாதம் பழகுங்கள். தொண்ணூறு படங்களுக்குப் பிறகு கணக்கை வாசிக்கும்போதே படம் தோன்றத் தொடங்கும்.

5. பொருள் வலிமையிலிருந்து வடிவமைப்புக்கு

விசைப்படம் பொருளின் வெளியிலிருந்து வரும் விசைகளைத் தருகிறது. பொருள் வலிமையியலில் செய்வதெல்லாம், அந்தப் பொருளைக் கற்பனையாக ஓரிடத்தில் வெட்டி, ஒரு பாதிக்கு மீண்டும் விசைப்படம் வரைவதுதான். நறுக்கு விசை வரைபடமும் வளைவுத் திருப்புத்திறன் வரைபடமும் இப்படி வெட்டி வெட்டிப் பெறப்படுபவை என்பது தெரியாமல், சுமை வகைக்கொரு வடிவம் என்று மனப்பாடம் செய்பவர்கள், இரண்டு வகைச் சுமைகள் கலந்து வந்ததும் நின்றுவிடுகிறார்கள்.

குறுக்குவெட்டை நிறுத்தி வைப்பதா படுக்க வைப்பதா என்ற கேள்வியையும் எண்ணால் உணர வேண்டும். 20-க்கு 40 மில்லிமீட்டர் எஃகுப் பட்டை ஒன்றை ஒரு முனையில் இறுக்கி, ஒரு மீட்டர் தொலைவில் 100 நியூட்டன் சுமையைத் தொங்கவிட்டால், 40 மில்லிமீட்டர் பக்கம் நிற்கும்போது முனை 1.56 மில்லிமீட்டர் தாழும். அதே பட்டையைப் படுக்க வைத்தால் 6.25 மில்லிமீட்டர் தாழும். பொருளும் எடையும் மாறவில்லை. விறைப்பு அகலத்தோடும் ஆழத்தின் மும்மடியோடும் மாறுவதால் தாழ்வு நான்கு மடங்காகிறது.

வடிவமைப்புத் தாளுக்கு வரும்போது வேலையின் தன்மை மாறுகிறது. அதுவரை ஒரு கணக்குக்கு ஒரு விடைதான். இங்கே பொருளை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், பாதுகாப்புக் காரணியை நீங்கள் வைக்க வேண்டும், கணக்கில் வந்த எண்ணைக் கடையில் கிடைக்கும் அளவுக்கு உயர்த்த வேண்டும். நம்முடைய தண்டுக்கு 20.4 மில்லிமீட்டர் வந்தது. அதில் கீவே எனப்படும் சாவிப் பள்ளத்தை வெட்டப்போகிறோம் என்றால் அனுமதிக்கப்பட்ட தகைவை நான்கில் ஒரு பங்கு குறைத்து, 30 மெகா பாஸ்கலாகக் கொள்வது வழக்கம், விட்டம் 22.4 ஆகும். கப்பி அல்லது பெல்ட் பக்கவாட்டில் இழுத்தால் வளைவும் சேர்ந்து, விட்டம் இன்னும் கூடும்.

தேர்வில் அனுமதிக்கப்படும் வடிவமைப்புத் தரவு நூலைத் தேர்வறையில் முதன்முறையாகத் திறப்பவர்கள் உண்டு. பல கல்லூரிகளில் நூலகத்திலிருந்து அன்றைக்கு மட்டும் கொடுத்து வாங்குவதும் இதற்கு ஒரு காரணம். செமஸ்டர் தொடக்கத்திலேயே சொந்தப் படி ஒன்றை வாங்கி, வகுப்பில் போடும் ஒவ்வொரு கணக்கையும் அதன் பக்கங்களைப் புரட்டியே போட வேண்டும். எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்று கை அறிந்திருந்தால் மட்டுமே மூன்று மணி நேரம் போதுமானதாக இருக்கும்.

6. வெப்பமும் பாய்மமும்

இந்தச் சங்கிலியில் விசைப்படத்தின் இடத்தை அமைப்பின் எல்லைக்கோடு பிடிக்கிறது. எதைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டிருக்கிறோம், அதன் வழியே வெப்பம், வேலை, நிறை ஆகியவற்றில் எவை கடக்கின்றன என்று வரைந்த பிறகே சமன்பாட்டைத் தொட வேண்டும். நிறை கடந்தால் திறந்த அமைப்பு. கடக்காவிட்டால் மூடிய அமைப்பு. சமன்பாடு இதற்கேற்ப மாறும்.

பள்ளி வேதியியலைச் சற்று மறக்கவும் வேண்டும். அங்கே அமைப்பின்மேல் செய்யப்படும் வேலை நேர்க்குறி பெறும். பொறியியல் வெப்ப இயக்கவியலில் வழக்கமாக அமைப்பு செய்யும் வேலைக்கே நேர்க்குறி. கருத்து நன்றாகப் புரிந்த மாணவர்கள்கூட இந்தக் குறி மாற்றத்தால் முதல் இன்டர்னலில் மதிப்பெண் இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அழுத்தத்தையும் வெப்பநிலையையும் உண்மையான சுழியிலிருந்து எண்ணும் தனிமுழு (அப்சொல்யூட்) அளவில் எழுதுவதற்குக் காரணம் ஒரு டயரிலேயே விளங்கும். 27 டிகிரி செல்சியஸில் அளவி 2.2 பார் காட்டும் டயர், ஓடிச் சூடேறி 57 டிகிரியை அடைகிறது. கனஅளவு மாறவில்லை என்று கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தை ஒரு பார் எனச் சேர்த்தால் தொடக்க அழுத்தம் 3.2 பார், கெல்வினில் 300-லிருந்து 330-க்கு உயர்வதால் 3.52 பார், அளவி 2.52 காட்டும். சேர்க்காமலும் மாற்றாமலும் கணக்கிட்டவருக்கு 4.6 பார் வரும். நெடுஞ்சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியின் டயரும் வெடித்திருக்க வேண்டும்!

வெப்பப் பரிமாற்றத்துக்கு முன் பாய்ம இயக்கவியலை முடித்திருக்க வேண்டும். வெப்பச் சலனக் கணக்கில் முதலில் கேட்கப்படுவதே ஓட்டத்தின் வகையைக் காட்டும் ரெய்னால்ட்ஸ் எண்தான். குழாயில் அது ஏறத்தாழ 2300-க்குக் கீழே இருந்தால் அடுக்கடுக்காகச் செல்லும் சீரான (லேமினார்) ஓட்டம். எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்பதை ஓட்டத்தின் வகை முடிவு செய்வதால், எண்ணைக் காணாமல் சூத்திரத்தைத் தேடுபவர் தரவு நூலின் நடுவில் வழி தவறிப்போவார்.

7. ஒர்க்ஷாப்பும் லேபும்

லேத்தை (கடைசல் இயந்திரத்தை) இயக்கும் முன் சுற்று எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். 25 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் கம்பியை ஹைஸ்பீடு ஸ்டீல் டூலால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய, 30-ஐ ஆயிரத்தால் பெருக்கி, பை மற்றும் விட்டத்தின் பெருக்குத்தொகையால் வகுத்தால் சுமார் 380 ஆர்.பி.எம். வரும். இயந்திரத்தில் அதற்கு அருகே கீழாக உள்ள வேகத்தை வைக்க வேண்டும். லேப் உதவியாளர் வைத்துக் கொடுத்த வேகத்திலேயே செமஸ்டர் முழுவதும் ஓட்டியவர் வைவாவில் இந்த ஒரு கேள்விக்கு நிற்பார்.

கடையும் பொருளைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியான சக் கீயைச் சக்கில் விட்டுவிட்டு மோட்டாரைப் போடக் கூடாது. கீ சக்கில் இருக்கும்வரை அதைவிட்டுக் கை எடுக்கக் கூடாது என்று பழகிக்கொள்வதே பாதுகாப்பு. கையுறை பாதுகாப்புக்குரியது என்று நினைத்து லேத்தில் அணிபவர்கள் இருக்கிறார்கள். சுழலும் இயந்திரத்தில் அது சிக்கிக் கையையும் உள்ளே இழுத்துவிடும். கழுத்துச் சங்கிலி, கைக்கயிறு, தொங்கும் அடையாள அட்டை, துப்பட்டா எல்லாவற்றுக்கும் இதே காரணம் பொருந்தும்.

அளக்கும் கருவியை எடுத்ததும் முதலில் சுழிப்பிழையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மைக்ரோமீட்டரை ராட்செட்டால் (அளவான இறுக்கம் வந்ததும் நழுவும் திருகால்) மட்டும் இறுக்க வேண்டும், ஏனெனில் விரலின் வலு ஆளுக்கு ஆள் மாறும்போது 0.01 மில்லிமீட்டர் துல்லியத்துக்குப் பொருள் இல்லாமல் போகிறது. லேப் அளவீடுகளை அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே வரைபடமாக்கிவிட்டால், புள்ளி ஒன்று கோட்டைவிட்டு விலகியிருப்பது கருவி மேசையில் இருக்கும்போதே தெரியும். வாரம் கழித்து ரெக்கார்டு எழுத உட்காரும்போது திரும்ப அளக்க வழியிருக்காது.

8. செமஸ்டர் தேர்வுத் தாளை எழுதும் வரிசை

பல்கலைக்கழகத் தாளின் வழக்கமான அமைப்பு: இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள் ஐந்து, பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. நூறு மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆகவே ஒரு கணக்கு முப்பது நிமிடத்தைத் தாண்டினால், பாதியில் இடம் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

கணக்குத் தாள்களில் நன்றாகத் தெரிந்த பெரிய கணக்கை முதலில் எழுதி, இரண்டு மதிப்பெண் கேள்விகளை நடுவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மனம் களைத்த பிறகும் எழுதக்கூடியவை அவை. ஒவ்வொரு கணக்கிலும் கொடுக்கப்பட்டவை, படம், சூத்திரம், எண் இடுதல், அலகோடு விடை என்று தனித்தனி வரிகளில் எழுதினால், இறுதி எண் தவறினாலும் படிநிலை மதிப்பெண்கள் கிடைக்கும். சரியான விடையை மட்டும் மூலையில் எழுதியவருக்கு அது கிடைப்பதில்லை.

அரியர் சேர்ந்துவிட்டால் எளிதான தாளை முதலில் முடிப்போம் என்று தோன்றும். மெக்கானிக்ஸ், கணிதம், பொருள் வலிமை ஆகிய சங்கிலித் தாள்களை முதலில் முடிக்க வேண்டும், ஏனெனில் அவை நிலுவையில் இருக்கும்வரை அவற்றின்மேல் நிற்கும் புதிய தாள்களும் அரியராகும். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

9. கணினி மென்பொருள்கள்

கேட் மென்பொருளில் எதைக் கற்றாலும் ஒன்றை முழுமையாகக் கற்க வேண்டும். சாலிட்வொர்க்ஸ், கிரியோ, கட்டியா ஆகியவற்றின் பெயர்களை வரிசையாக ரெஸ்யூமேயில் எழுதி, ஒன்றிலும் ஸ்கெட்சை முழுக்கக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்களை நேர்காணலில் எளிதாகக் கண்டுகொள்வார்கள். பணம் கட்டிப் படிக்க வசதி இல்லாதவர் இலவசமான ஃப்ரீகேடில் தொடங்கலாம். சிந்திக்கும் முறை ஒன்றே.

முப்பரிமாண மாடலோடு நின்றுவிடாமல், அதிலிருந்து தொழிற்சாலைக்குக் கொடுக்கத்தக்க படத்தையும் எடுக்கப் பழகுங்கள். 25 மில்லிமீட்டர் துளைக்கு எச் 7 என்று எழுதினால் அது 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். தண்டுக்கு ஜி 6 என்று எழுதினால் 24.980 முதல் 24.993 வரை. குறைந்தது ஏழு மைக்ரான் இடைவெளி எப்போதும் இருக்கும் என்பதே அந்த இரண்டு குறியீடுகளின் பொருள். பொருத்த அளவு இல்லாத படத்தை வைத்து எந்தக் கடைசல்காரரும் பேரிங் பொருந்தும் தண்டைக் கடைந்து தர முடியாது.

ஆன்சிஸ் போன்ற பகுப்பாய்வு மென்பொருளைத் தொடும் முதல் நாளில், ஐந்தாம் பகுதியில் சொன்ன பட்டையை அதில் இட்டு 1.56 மில்லிமீட்டர் வருகிறதா என்று பாருங்கள். கையால் தெரிந்த விடை வராத இடத்தில் உங்கள் பிழை எது என்று கண்டுபிடிக்க முடியும். விடை தெரியாத சிக்கலான பாகத்தில் வண்ணப் படம் மட்டும்தான் மிஞ்சும். கூரிய உள்மூலையில் மெஷ்ஷை (பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை) நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போவதைக் கண்டு பாகம் உடையும் என்று முடிவு கட்டுவது பரவலான பிழை. வளைவே இல்லாத மூலை கணினியில்தான் உண்டு. மூலைக்கு உண்மையான ஆரத்தைக் கொடுத்த பிறகே எண்ணை நம்பலாம்.

10. மூன்றாம் ஆண்டில் தொடங்க வேண்டியவை

தொழிற்சாலைப் பயிற்சிக்குப் பெரிய நிறுவனத்தின் சான்றிதழைத் தேடி அலைவதைவிட, அம்பத்தூரிலோ கோயம்புத்தூரிலோ உள்ள ஒரு சிறிய பட்டறையில் இரண்டு வாரம் நிற்பது அதிகம் கற்றுத்தரும். அங்கே ஒரே ஒரு பாகத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் படம், மூலப்பொருள், எந்த இயந்திரத்தில் எந்த வரிசையில் வேலை, எங்கே அளக்கிறார்கள், எதற்காகத் தள்ளுபடி செய்கிறார்கள் என்று இறுதிவரை பின்தொடருங்கள். எல்லா இயந்திரங்களையும் சுற்றிப் பார்த்தவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 பொது அறிவுத்திறனுக்குரியது. ஒரே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தவறுக்கு அதன் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். எண்ணாக விடை இடும் கேள்விகளில் கழிவு இல்லை என்பதால் அவற்றைக் காலியாக விடுவதில் பொருளில்லை. திரையில் வரும் கால்குலேட்டரையே பயன்படுத்த வேண்டியிருப்பதால், பயிற்சியையும் அதிலேயே செய்ய வேண்டும்.

வளாகத் தேர்வில் மெக்கானிக்கல் பணி கிடைக்காதவர்கள் மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் பதிவு செய்து, ஓராண்டு உதவித்தொகையோடு பட்டதாரிப் பழகுநராகச் சேரலாம். தென் மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. கல்லூரி முடிந்து ஆறு மாதம் கழித்து நினைவுக்கு வருவதைவிட, எட்டாம் செமஸ்டரிலேயே பதிவுக்கான விதிகளைப் பார்த்து வைத்துவிடலாம்.

11. இறுதி ஆண்டு ப்ராஜெக்ட்

செய்து முடித்த ப்ராஜெக்டைக் காசுக்கு விற்கும் கடைகள் உள்ளன. வாங்கியவர் வைவாவில் அந்த மோட்டார் ஏன் அவ்வளவு திறன் என்ற கேள்விக்கு விழிப்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், சிறியதாக இருந்தாலும் சொந்தமாகச் செய்யுங்கள் என்றே சொல்வேன்.

வரிசை இதுதான்: தேவையை எண்ணால் எழுதுதல், கையால் கணக்கிடுதல், கடையில் வாங்க வேண்டிய பாகங்களைத் தேர்ந்தெடுத்தல், அவற்றைச் சுற்றிப் படம் வரைதல், அதன் பிறகே பட்டறைக்குப் போதல். புதியவர்கள் மூன்றாவதையும் நான்காவதையும் இடம் மாற்றிவிடுகிறார்கள். நம்முடைய தண்டை 22.4-க்கு அடுத்த முழு எண்ணான 23 மில்லிமீட்டரில் கடைந்துவிட்டுப் பேரிங் வாங்கக் கடைக்குப் போனால், 6204 பேரிங்கின் உள்விட்டம் 20, அடுத்த 6205-இன் உள்விட்டம் 25. இரண்டும் பொருந்தாது. பேரிங்கை முதலில் தேர்ந்தெடுத்திருந்தால் தண்டை 25-ஆகவே வரைந்திருப்போம். பேரிங் அமரும் இடத்துக்குரிய பொருத்த அளவும், 52 மில்லிமீட்டர் வெளிவிட்டத்துக்கு ஏற்ற கூட்டின் துளையும், 15 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஏற்ற தோள்பட்டையும் படத்திலேயே வந்திருக்கும்.

பட்டறையில் கொடுக்கும் படத்தின் ஒரு படியில், பாகம் வந்ததும் நீங்கள் அளந்த உண்மை அளவுகளைச் சிவப்பு மையால் எழுதி, அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். புறத்தேர்வாளர் பெரும்பாலும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.